ஒரு அடி எழும்பிவிட்டால் பறந்த மாதிரியா?

வாசகர் கேள்வி பதில்

போன இதழில், வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஒரு ஹெலிகாப்டர் வீடியோவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். பயிற்சி ஹெலிகாப்டர், உள்ளே இரண்டு பேர். மூன்றடி எழும்புகிறது, முன்னால் நகர்கிறது, யாரோ கீழேயிருந்து பிடித்து இழுத்த மாதிரி பொத்தென்று உட்கார்ந்து ஒரு பக்கம் சாய்கிறது. நல்லவேளை, இரண்டு பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு நடந்தே வெளியே வருகிறார்கள். நான் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக வேலை பார்த்து ரிடையர் ஆனவன் என்று அதில் ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்தேன், அவ்வளவுதான், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் இதே கேள்வி. அதனால் இந்த வாரம் முழுக்க ஹெலிகாப்டர்தான். மெட்ரோ வாட்டர் பில் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளவும்.

"அண்ணே, மேலே எழும்பிடுச்சுல்ல, அப்புறம் ஏன் விழுந்துச்சு? இன்ஜின் கோளாறா, ஓட்டினவர் கோளாறா?"
– ஆட்டோ ஓட்டுநர், தண்டையார்பேட்டை

வீடியோவைச் சத்தம் வைத்து இன்னொரு தடவை கேளுங்கள். இன்ஜின் நிற்கவே இல்லை. ஆனால் விழுவதற்கு முன்னால் விசிறிச் சத்தத்தின் சுருதி மெல்ல இறங்குகிறது, கரண்ட் லோ வோல்டேஜில் மிக்ஸி ஓடுகிற மாதிரி. கதை முழுக்க அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது.

தரைக்குப் பக்கத்தில் நிற்கும்போது ஹெலிகாப்டருக்கு ஒரு சலுகை உண்டு. விசிறி கீழே தள்ளும் காற்றைத் தரை தடுத்து நிறுத்துவதால், அதே எடையைத் தூக்கக் குறைந்த சக்தி போதும். விசிறியின் குறுக்களவு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவு உயரம் வரைதான் இந்தச் சலுகை, மேலே போகப்போகத் தேய்ந்துவிடும். காங்கிரீட் தளத்தின் மேல் நன்றாகக் கிடைக்கும், உயரமான புல் மேல், தண்ணீர் மேல், சரிவின் மேல் குறையும். இன்னொரு சலுகை வேகத்தில் கிடைக்கிறது. சுமார் 16 முதல் 24 நாட் (மணிக்கு 30 முதல் 45 கிலோமீட்டர்) வேகத்தைத் தொட்டதும், விசிறிக்குக் கலங்காத புதுக் காற்று கிடைத்து ஹெலிகாப்டர் தானாக எழும்பப் பார்க்கும். மொட்டை மாடியில் காத்தாடி விடும் பையன் காற்று இல்லாத நாளில் நூலைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு ஓடுவானே, அது எதற்கோ இதுவும் அதற்குத்தான்.

சிக்கல் இந்த இரண்டு சலுகைக்கும் நடுவில் இருக்கிறது. நின்ற இடத்தில் கிடைத்த காற்று மெத்தையை விட்டாயிற்று, வேகத்தில் கிடைக்க வேண்டியது இன்னும் வரவில்லை. அந்த ஐந்தாறு நொடிக்குக் கூடுதல் சக்தி வேண்டும். கையில் மிச்சம் இருந்தால் நமக்குத் தெரியவே தெரியாது, மெல்ல ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் போய்விடும். மிச்சம் இல்லையென்றால் ஹெலிகாப்டர் அமுங்கும். அமுங்கியதும் ஓட்டுபவர் கை தன்னிச்சையாக இடது பக்கத்து கலெக்டிவ் லிவரை மேலே இழுக்கும். இழுத்தால் இறக்கைகள் இன்னும் நிமிர்ந்து காற்றை முட்டும், இன்ஜினால் அதைச் சுற்ற முடியாமல் சுற்று குறையும். தூக்கும் சக்தி சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் சுற்று 10 சதவீதம் போனால் தூக்கும் சக்தி 19 சதவீதம் போய்விடுகிறது. வால் விசிறியும் அதே கியரில் ஓடுவதுதான், அதுவும் சோர்ந்து மூக்கு ஒரு பக்கம் திரும்ப ஆரம்பிக்கும்.

உங்களுக்கு இது புதிதே இல்லை. நாலு பேரை ஏற்றிக்கொண்டு டாப் கியரில் பேசின் பிரிட்ஜ் மேட்டில் ஏறும்போது வண்டி திணறினால் என்ன செய்வீர்கள்? ஆக்சிலேட்டரை இன்னும் முறுக்கிப் பிரயோஜனம் இல்லை, கியரைக் குறைப்பீர்கள். ஹெலிகாப்டரில் கியர் குறைப்பதற்குச் சமம் லிவரைக் கொஞ்சம் இறக்குவது. தரை மூன்றடி கீழே இருக்கும்போது லிவரை இறக்க மனசு வருமா? வராது. அதற்காகத்தான் பயிற்சியே. ஆகவே, கோளாறு இன்ஜினில் இல்லை, கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கில்.

"சென்னை கடல் மட்டத்தில்தானே இருக்கு? மலையில் பறக்கிறவங்களுக்குத்தானே காற்று மெலிசாகும்? வெயிலுக்கும் ஹெலிகாப்டருக்கும் என்ன சார் சம்பந்தம்?"
– பாலிடெக்னிக் மாணவர், எண்ணூர்

நிறைய சம்பந்தம், தம்பி. விமானக்காரர்கள் வைத்திருக்கும் அளவுகோல்படி கடல் மட்டத்தில் 15 டிகிரி இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி உயரத்தில் இருப்பதாகக் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதம் மத்தியானம் 40 டிகிரி என்றால் 25 டிகிரி கூடுதல், 25 பெருக்கல் 120, ஆக 3,000 அடி. நீங்கள் எண்ணூர் முகத்துவாரத்தில் நின்றுகொண்டிருக்கலாம், உங்கள் ஹெலிகாப்டரைக் கேட்டால் நான் ஏலகிரி மலைப்பாதையில் பாதிக்கு மேல் ஏறிவிட்டேன் என்று சொல்லும். காற்றின் அடர்த்தி 8 சதவீதம் குறைந்திருக்கும். விசிறிக்குப் பிடிமானம் குறைகிறது, பிஸ்டன் இன்ஜினுக்கு மூச்சும் குறைகிறது. இரண்டு பக்கமும் அடி.

நம்மூர்ப் புழுக்கம் வேறு இருக்கிறது. ஈரக் காற்று கனமானது என்று எல்லோரும் நினைக்கிறோம், உடம்பு கனக்கிற மாதிரி இருப்பதால். உண்மையில் நீராவி வறண்ட காற்றைவிட லேசு, அதனால் புழுக்கமான காற்று இன்னும் கொஞ்சம் மெலிந்ததுதான். வெப்பத்தின் அளவுக்குப் பெரிய பாதிப்பு இல்லை, ஆனாலும் கடைசிப் பத்து கிலோவுக்கு இழுபறியாக இருக்கும் நாளில் அதுவும் சேர்ந்துகொள்ளும்.

நமக்கு ஒரு ஆறுதல் கடல் காற்று. அது வந்துவிட்டால் அதற்கு எதிராக முகத்தை வைத்துக் கிளம்பலாம், 10, 15 நாட் எதிர்க்காற்று என்றால் நகரத் தொடங்கும் முன்பே பாதி வேகம் கையில் இருக்கிறது என்று அர்த்தம். அதே காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு கிளம்பினால் அப்படியே உல்டா.

"கேதார்நாத்தில் ஹெலிகாப்டர் ஏறும் முன் என்னை எடை மெஷினில் நிற்க வைத்தார்கள். எல்லோர் முன்னாலும் 84 என்று சத்தமாகவும் படித்தார்கள். இது தேவையா?"
– ஓய்வு பெற்ற ஆசிரியை, பழைய வண்ணாரப்பேட்டை

சத்தமாகப் படித்திருக்க வேண்டாம் டீச்சர். ஆனால் எடை பார்க்காமல் ஏற்றியிருந்தால் நீங்கள் ஏறியிருக்கக்கூடாது.

கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர், 11,700 அடிக்கு மேல். அந்த உயரத்துக்கு அளவுகோல்படி வெப்பம் மைனஸ் எட்டு ஒன்பது டிகிரி இருக்க வேண்டும். நீங்கள் போன நாளில் வெயிலடித்து 15 டிகிரி இருந்திருந்தால், போன பதிலில் போட்ட அதே கணக்குப்படி ஹெலிகாப்டருக்கு அது 14,000 அடிக்கும் மேல். இங்கே கடற்கரையில் இருக்கும் காற்றில் மூன்றில் ஒரு பங்கைக் காணோம். அங்கே தலைக்கு ஐந்து கிலோ தப்பாகச் சொன்னால் ஐந்து பேருக்கு 25 கிலோ. கிளம்பும் நேரத்தில் அந்த 25 கிலோவும் கணக்குக்கு வரும்.

நான் வேலை பார்த்த ஹேங்கரின் மூலையிலும் ஒரு எடை மெஷின் இருந்தது, பழைய ரேஷன் கடைத் தராசு மாதிரி, மேலே ஏறினால் தகடு கடகடவென்று ஆடும். பயிற்சிக்கு வரும் பையன்களிடம் எடை கேட்டால் மெடிக்கலில் எழுதிய நம்பரைச் சொல்வார்கள். 72 என்று சொன்ன ஒருவனை பூட்ஸ், ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், முழங்காலில் கட்டும் குறிப்புப் பலகை எல்லாவற்றோடும் ஏறச் சொன்னால் முள் 81-ல் நின்றது. அவன் பொய் சொல்லவில்லை, ஜட்டியோடு நின்ற எடையைச் சொன்னான். ஹெலிகாப்டர் ஜட்டியோடு யாரையும் தூக்குவதில்லை.

எடையில் பொய் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கே இருக்கிறது. 2008 ஆகஸ்ட் 5, கலிபோர்னியாவில் வீவர்வில் ஊருக்குப் பக்கத்து மலையில் காட்டுத் தீ. தீயணைப்பு வீரர்களை ஏற்றிக்கொண்டு சிகோர்ஸ்கி எஸ்-61 ஹெலிகாப்டர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரத்தில் இருந்த ஒரு மேட்டிலிருந்து கிளம்பியது. எழும்பியது, முன்னால் நகர்ந்தது, விசிறிச் சுற்று இறங்கியது, மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. 13 பேரில் 9 பேர் போய்விட்டார்கள். விசாரணை செய்த என்டிஎஸ்பி, அதாவது அமெரிக்காவின் போக்குவரத்து விபத்து விசாரணை அமைப்பு, கண்டுபிடித்தது என்ன தெரியுமா? ஹெலிகாப்டரை ஓட்டிய நிறுவனமே அதன் வெற்று எடையைக் குறைத்துக் காட்டியிருந்தது, எவ்வளவு தூக்கும் என்று சொல்லும் வரைபடத்தையும் திருத்தி வைத்திருந்தது. விமானிகள் கணக்குப் போட்டார்கள், ஆனால் பொய்யான தராசில். எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. அதே மேட்டிலிருந்து அதற்கு முன் இரண்டு தடவை கிளம்பியிருக்கிறார்கள், இரண்டு தடவையும் இன்ஜின் தன் எல்லையைத் தொட்டிருக்கிறது. தொட்டும் தாண்டிவிட்டதால் மூன்றாவது தடவையும் தாண்டும் என்று நினைத்துவிட்டார்கள். 'போன ட்ரிப்புல தூக்குச்சே' என்ற வார்த்தையை ஹேங்கரில் யார் சொன்னாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

"பக்கத்திலேயே இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருக்கார், அவர் கையிலும் கன்ட்ரோல் இருக்கு. அப்புறம் எப்படி டிரெய்னிங்கில் இவ்வளவு ஆக்சிடென்ட்?"
– கல்லூரி மாணவி, வியாசர்பாடி

நல்ல கேள்விம்மா, பாதி பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. இன்ஸ்ட்ரக்டர் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் எடை உண்டு.

உலகம் முழுக்கப் பயிற்சிக்கு அதிகம் ஓடிய சின்ன ஹெலிகாப்டர் ராபின்சன் ஆர்22. 1979-ல் சான்று வாங்கியது, இரண்டே சீட். மொத்தம் தூக்கக்கூடிய எடை 621 கிலோ. வெறும் வண்டி சுமார் 400 கிலோ. மிச்சம் 220. மெயின் டேங்க் நிரம்பப் பெட்ரோல் போட்டால் சுமார் 50 கிலோ போய்விடும், 170 கிலோதான் மிச்சம். ஆளுக்கு 85 கிலோ என்று இரண்டு பேர் ஏறினால் விளிம்பில் நிற்கிறீர்கள், தண்ணீர் பாட்டில்கூட வைக்க முடியாது. ஒரு வளர்ந்த பையனும் பிரியாணி பிடித்த இன்ஸ்ட்ரக்டரும் மே மாதத்தில் ஏறினால் கிளம்பும் முன்பே கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆர்22-வின் விசிறி லேசானது, பெரிய சக்கரம் மாதிரி தன் வேகத்தைப் பிடித்துவைக்காது. சுற்று 97 சதவீதத்துக்கு இறங்கினால் காக்பிட்டில் ஹார்ன் அடிக்கும். அடித்ததும் த்ராட்டிலைத் திருகிக்கொண்டே லிவரை இறக்க வேண்டும், அதற்கு ஓரிரு நொடிதான். மாணவர் பயத்தில் லிவரை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தால் இன்ஸ்ட்ரக்டர் முதலில் அவர் கையோடு மல்லுக்கட்ட வேண்டும். இந்த வகை விபத்துகள் தொடர்ந்ததால்தான் 1995-ல் அமெரிக்க விமானத் துறை, ஆர்22, ஆர்44 ஓட்ட வேண்டுமென்றால் தனிப் பயிற்சி கட்டாயம் என்று சிறப்பு விதியே போட்டது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இன்ஸ்ட்ரக்டர் மாணவரைத் தப்பு செய்ய விட்டாக வேண்டும். உடனே கையை வைத்தால் மாணவர் கற்றுக்கொள்ள மாட்டார், ஒரு நொடி தாமதித்தால் ஹெலிகாப்டர் போய்விடும். தரையிலேயே கவிழும் விபத்து இதற்கு நல்ல உதாரணம். கீழே இருக்கும் ஸ்கிட் கம்பிகளில் ஒன்று சேற்றிலோ கல்லிலோ மாட்டியிருக்கும், தெரியாமல் லிவரை இழுப்பார்கள், மாட்டாத பக்கம் எழும்பும். காசிமேட்டில் காலில் கயிறு சுற்றியிருப்பது தெரியாமல் படகிலிருந்து எகிறினால் எப்படி விழுவோமோ அப்படி. ஐந்து முதல் எட்டு டிகிரி சாய்ந்தாலே பல சமயம் ஸ்டிக்கை எதிர்ப்பக்கம் தள்ளி மீட்க முடியாது. லிவரை நிதானமாக இறக்குவதுதான் வழி. மாணவர் செய்வது என்ன? தரையிலிருந்து தப்பிக்கலாம் என்று இன்னும் மேலே இழுப்பார். பயிற்சி விபத்துகளில் நான் கேட்ட பாதிக் கதைகளில் இடது கைதான் வில்லன்.

நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2011 மே 2, அபோட்டாபாத்தில் பின்லேடன் வீட்டுக்குள் இறங்கிய அமெரிக்க பிளாக்ஹாக் ஹெலிகாப்டர் ஒன்று கீழே உட்கார்ந்து வால் சுவரில் மோதியது நினைவிருக்கும். அதே அளவில் மாதிரி வீடு கட்டி ஒத்திகை பார்த்திருந்தார்கள். ஒத்திகை வீட்டைச் சுற்றிக் கம்பி வலை, நிஜ வீட்டைச் சுற்றிக் கெட்டிச் சுவர். ஒத்திகையில் வலை வழியாக வெளியேறிய காற்று இங்கே சுவரில் முட்டித் திரும்பி மேலே வந்து விசிறிக்குள்ளேயே நுழைந்தது, அன்றைக்கு வெப்பமும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். உலகத்திலேயே சிறந்த விமானிகள் என்று தேர்ந்தெடுத்து அனுப்பியவர்கள்தான் அவர்கள்.

"2015 வெள்ளத்தில் மாடியில் நின்ற எங்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் போட்டார்கள். ஹெலிகாப்டர் ஏன் ரொம்ப மேலேயே நிற்குது, மாடிக்குப் பக்கத்தில் வந்து நின்னா பொட்டலம் தண்ணியில் விழாதே?"
– விசைப்படகு டிரைவர், காசிமேடு

பக்கத்தில் வந்தால் உங்கள் மாடியின் தகரமும் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவும் பறந்து விசிறிக்குள் போகும், அது ஒன்று. கேபிள் ஒயர் இன்னொன்று, நம் பக்கத்துத் தெருக்களில் வானமே ஒயர்தானே. மூன்றாவது, நான் மேலே சொன்ன காற்று மெத்தை அங்கே கிடையாது. உங்கள் மாடி சின்னது, சுற்றிலும் பள்ளம், பள்ளத்தில் தண்ணீர். முழு எடையையும் இன்ஜின் மட்டுமே சுமந்து நிற்க வேண்டும். ஹெலிகாப்டருக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை பறப்பதில்லை, உயரத்தில் அசையாமல் நிற்பதுதான். உங்களுக்குத் தெரியாததா, ஓடுகிற படகைவிட அலையில் ஒரே இடத்தில் படகை நிறுத்துவது எவ்வளவு பாடு.

"குன்னூரில் பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டரும் இப்படித்தானா?"
– வாசகர், கொருக்குப்பேட்டை

இல்லை. 2021 டிசம்பர் 8-ல் நடந்தது, மேகத்துக்குள் திடீரென்று சிக்கி, திசை புலப்படாமல் மலையில் மோதியது என்று முப்படை விசாரணை சொன்னது. எம்ஐ-17 வி5 அந்த உயரத்துக்குத் தாராளமாகச் சக்தி உள்ள வண்டி. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"அப்போ ஹெலிகாப்டர் அதிகபட்சம் எவ்வளவு உயரம்தான் போகும்?"
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருவொற்றியூர்

குட்டி, இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 2005 மே 14-ல் டிடியே டெல்சால் என்ற பிரெஞ்சு விமானி எவரெஸ்ட் உச்சியிலேயே ஹெலிகாப்டரை வைத்தார், மூன்று நிமிடம் 50 நொடி அங்கே இருந்துவிட்டுக் கிளம்பி வந்தார். அதற்கும் முன்னால், 1972 ஜூன் 21-ல், ழான் பூலே என்பவர் 'லாமா' என்ற ஹெலிகாப்டரில் தேவையில்லாததை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு 12,442 மீட்டர் ஏறினார். உச்சியில் இன்ஜின் அணைந்துபோனது, விசிறியைக் காற்றிலேயே சுற்றவிட்டுக்கொண்டு கீழே வரைக்கும் இன்ஜின் இல்லாமலே இறங்கினார். அந்த லாமாதான் நம் ஹெச்ஏஎல் விமானத் தொழிற்சாலை 'சீட்டா' என்ற பெயரில் செய்தது. சியாச்சினில் நம் ராணுவத்துக்குச் சாமான் கொண்டுபோனது அதுதான். அதைவிட ஆச்சரியம் செவ்வாய் கிரகத்தில். அங்கே காற்று நம் பூமியில் இருப்பதில் ஒரு சதவீதம்தான், அதில் 1.8 கிலோ எடையுள்ள, நாசாவின் குட்டி ஹெலிகாப்டர் இன்ஜெனுயிட்டி 2021 ஏப்ரல் 19-ல் எழும்பியது. நிமிடத்துக்கு 2,400 சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் அங்கே அந்த 1.8 கிலோவையே தூக்க முடியும். 72 தடவை பறந்து, 2024 ஜனவரியில் இறக்கை உடைந்து நின்றது. டெல்சால், பூலே, இன்ஜெனுயிட்டி, மூன்று பேருக்கும் பொதுவான விஷயம் கூடவே ஒரு கிலோ அதிகம் எடுத்துப் போகவில்லை என்பது.

"என் பையனுக்கு 19 வயசு. ஹெலிகாப்டர் பைலட் ஆகணும்னு நிக்கிறான். எடை 98. சேர்க்கலாமா? பயமா இருக்கு சார்."
– தாய், பெரம்பூர்

சேர்க்கலாம்மா. முதலில் மெடிக்கல் முடிக்கச் சொல்லுங்கள், அதற்கு முன்னால் யாருக்கும் பணம் கட்ட வேண்டாம். ஆர்22-வில் ஒரு சீட்டுக்கு எல்லை சுமார் 109 கிலோ, உள்ளே வரத்தான் செய்கிறான், ஆனால் இன்ஸ்ட்ரக்டர் ஒல்லியாக இருக்க வேண்டும், டேங்க் முழுக்க நிரப்ப முடியாது. பெரிய பயிற்சி ஹெலிகாப்டர் இருக்கும் பள்ளியாகப் பாருங்கள், காசு கூடத்தான் ஆகும்.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஒரு காரியம் செய்யுங்கள். மத்தியானம் போங்கள், வெயில் ஏறின பிறகு. எத்தனை ஹெலிகாப்டர் பறக்கிறது என்று பார்க்காதீர்கள், கிளம்பப் பார்த்து வேண்டாமென்று திரும்ப உட்கார்ந்தது எத்தனை என்று கேளுங்கள். எங்கள் ஹேங்கரில் ஒரு மே மாத மத்தியானம் நாலு பேரோடு ஒரு ஹெலிகாப்டர் மூன்றடி எழும்பி நின்றது. சீனியர் விமானி மீட்டரை ஒரு தடவை பார்த்தார், மெல்லக் கீழே வைத்தார், பின்னால் திரும்பி என்னை நோக்கிக் கட்டை விரலைக் கதவுப் பக்கம் காட்டினார். இருந்தவர்களிலேயே நான்தான் கனம். டூல் பாக்ஸோடு வெயிலில் நின்று அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒரு வார்த்தை சாரிகூடச் சொல்லவில்லை மனுஷன். 'போன ட்ரிப்புல நானும் வந்தேனே சார்' என்று சாயங்காலம் கேட்டதற்கு, 'போன ட்ரிப் காலையில ஏழு மணிக்கு' என்றார்.

பையனை நாளைக்கே எடை மெஷினில் ஏறச் சொல்லுங்கள். ஷூ, ஹெல்மெட், பேன்ட் பாக்கெட்டில் இருக்கிற பவர் பேங்க் எல்லாவற்றோடும்.